மாலை போடப் போனவர்

"சுத்தியல எடுத்தாங்கடா. நேரம் ஆவுது" என்று கூண்டுக்குள்ளிருந்து கத்தினார் ஆதிநாராயணன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் அன்று சிங்காரவேலரின் பிறந்தநாள் விழா. எப்போதோ யாரோ சிலை மேல் கல்லெறிந்ததிலிருந்து அதைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டிருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் என்ற முறையில் மாலையும் கையுமாக உள்ளே போன ஆதிநாராயணன், மாலையைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மாட்டிக்கொண்டார். சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கதவு அது. உள்ளிருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும்.

"எப்டி மச்சான் சாத்திக்கிச்சு?" என்றார் ஊர்த் தலைவர் விஜயராகவன்.

"காத்துல படார்னு அடிச்சிக்கிச்சு. புடிக்கப் போனேன், கையில இருந்த சாவி நழுவித் தண்ணில பூடுச்சு."

கரைச் சுவரை ஒட்டித்தான் சிலை. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் துழாவினார்கள். அதுவரை கண்ணாடி மாதிரி கிடந்த ஏரி கலங்கியதுதான் மிச்சம்.

வேறொரு நாளாக இருந்தால் ஊரே வயிறு வலிக்கச் சிரித்திருக்கும். இன்று சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. ஆதிநாராயணனின் மகள் பூவிழி விடியற்காலையில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பொன்னேரிப் பதிவாளர் அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஆரம்பாக்கத்து உதயகுமாரோடு அவளுக்குக் கல்யாணம். பையன் வேறு சாதி.

ஒன்பது மணிக்கு மைக்கைப் பிடித்து, "ஐயா சாதியே கூடாதுன்னு சொன்னவரு" என்று முழங்கிய அதே விஜயராகவன்தான், ஒன்பதரைக்கு வேனைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெண்ணை இழுத்து வந்துவிட வேண்டும் என்பது ஊர் முடிவு. உபதேசமெல்லாம் மைக்கோடு சரி.

"பெத்தவன் நீ முன்னாடி நிக்கணும் மச்சான். நாங்களா போயி கை வச்சா கடத்தல் கேசு ஆய்டும். நீ வரலன்னா ஊர் உன்னத் தள்ளி வச்சிடும், உன் படகு தண்ணில எறங்காது. இப்பவே சொல்லிட்டேன்" என்று மிரட்டியும் இருந்தார்.

"ஊரு சொன்னா சரி. மாலையப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று போன மனிதர்தான் இப்போது கம்பிக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

சுத்தியல் வந்தது. காவலுக்கு வந்திருந்த ஏட்டு முத்துராஜ் குறுக்கே நின்றார்.

"தலைவரு பொறந்தநாளன்னிக்கு சிலைகிட்ட சுத்தியலா? எவனாவது போட்டோ புடிச்சிப் போட்டான்னா சாயங்காலம் பஸ்ஸு ஓடாது. என் வேலையும் பூடும்."

"மாத்துச் சாவி இல்லியா சார்?" என்றார் விஜயராகவன்.

"தாலுகா ஆபீஸ்ல இருக்குது."

"எங்க, பொன்னேரியா?"

"பின்ன?"

மகளும் பொன்னேரியில், சாவியும் பொன்னேரியில். விஜயராகவன் தலையில் அடித்துக்கொண்டார். சாவி வாங்கிவர ஓர் ஆளை பைக்கில் விரட்டினார்.

மீன் கூடையோடு வந்து நின்ற பச்சையம்மா, "சிங்காரவேலரே புடிச்சி வச்சிக்கினாரு போல" என்றாள். விஜயராகவன் முறைத்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மணி பதினொன்று ஆயிற்று. கூண்டின் தகரக் கூரையில் வெயில் ஏறியது. சிலைக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம், உட்காரக்கூட வழியில்லை. ஆதிநாராயணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"எதனா பண்ணு மச்சான். கூண்டுல போட்ட எலி மாதிரி நிக்கிறேனே."

"நான் இன்னா பண்ணுவேன்? கம்பிய கடிச்சா துப்ப முடியும்?"

வேடிக்கை பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் சிலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு விஜயராகவனின் போன் அடித்தது. பொன்னேரி போன ஆள்தான். கேட்டுவிட்டு, போனை மெல்லச் சட்டைப் பையில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சாம். ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்துட்டாங்களாம்."

ஆதிநாராயணன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதைப் பார்த்து விஜயராகவனுக்கே பாவமாகிவிட்டது.

"அழுவாத மச்சான். நீ வரேன்னு கெளம்புனத ஊரே பாத்துது. உன்ன ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு."

வேன் திரும்பிப் போனது. கூட்டமும் கலைந்தது. சாவி வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று ஏட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

ஆதிநாராயணனின் போன் அதிர்ந்தது. பூவிழி.

"நைனா" என்றாள். அழுதாள். பிறகு, "வாசல்ல எந்த வண்டி வந்து நின்னாலும் நீதான்னு நெனச்சேன். ஆளுங்கள இட்டாந்து என்ன இழுத்துக்கினு பூடுவேன்னு பயந்துக்கினே இருந்தேன். ஏன் நைனா நீ வரல?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"கதவ நான்தான் சாத்திக்கினேன், கண்ணு."