ஏழாவது வாய்தா

கறுப்புக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, நீதிமன்றப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள் வக்கீல் சிவசங்கரி. மணி நாலே முக்கால். மாஜிஸ்திரேட் எழுந்துவிட்டால் பாவாடையின் கதை அவ்வளவுதான்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிறவன் பாவாடை. இரண்டு ஐஸ் பெட்டிகளைத் திருடினான் என்று உள்ளே தள்ளிப் பதினோரு மாதம் ஆகிறது. ஆளை நேரில் நிறுத்துங்கள், இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சொந்த ஜாமீனில் விடுகிறேன் என்று மாஜிஸ்திரேட் எப்போதோ சொல்லிவிட்டார்.

ஆறு வாய்தா போயும் ஆள்தான் வந்து சேரவில்லை. ஒரு தடவை வண்டி பஞ்சர். இன்னொரு தடவை, வழிக்காவலுக்கு வந்த ஏட்டுக்கு வயிற்றுவலி. இன்றோடு மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போகிறார். புதியவர் வந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

காவல் வண்டியை எதிர்பார்த்திருந்த வாசலில் ஒரு ஷேர் டெம்போ வந்து நின்றது. முதலில் குதித்தவன் பாவாடை. அவன் இழுத்த இழுப்பில் தடுமாறிக்கொண்டு பின்னால் இறங்கினார் ஏட்டு இராமதாஸ். அவருடைய சிவப்புத் தொப்பி காதுவரை சரிந்திருந்தது. இருவர் கைகளையும் சேர்த்துப் பூட்டியிருந்த விலங்கு வெயிலில் பளபளத்தது.

சிவசங்கரிக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த நொடியே மனசு துள்ளியது. விசாரணைக் கைதிகளுக்கு விலங்கு மாட்டுவதை எதிர்த்து அவளுடைய மனித உரிமைச் சங்கம் இரண்டு வருடமாக வழக்கு நடத்துகிறது. போட்டோ இருக்கா, சாட்சி இருக்கா என்று கேட்டே போலீஸ் தரப்பில் மடக்கிவிடுவார்கள். இதோ, சாட்சி தானே நடந்து வருகிறது. செல்போனை எடுத்து மடமடவென்று நாலு படம் பிடித்தாள்.

"மேடம், இதப் பெருசு பண்ணாதீங்க. இங்கியே கழட்டிடச் சொல்லுங்க," என்று கெஞ்சினார் ஏட்டு.

"அப்படியே வாங்க ஏட்டு. ஐயா பாக்கட்டும்."

"வக்கீலம்மா, இந்த வெலங்கு வந்து..." என்று ஆரம்பித்தான் பாவாடை.

"நீ பயப்படாத. வாயத் தொறக்காத. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

பாதி எழுந்திருந்த மாஜிஸ்திரேட், விலங்கைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார். சிவசங்கரி பிடித்துக்கொண்டாள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஒருவனுக்கு விலங்கு மாட்ட யாருக்கு அதிகாரம் என்று கேட்டாள். மீன் பெட்டி தூக்குகிறவன் என்றால் மாடு மாதிரி பிடித்துக் கட்டலாமா என்று கேட்டாள். உயர் நீதிமன்றம் வரை போவேன் என்றாள். பின் வரிசை ஜூனியர்கள் கை தட்டாத குறை.

மாஜிஸ்திரேட் முதலில் பாவாடையின் வழக்கை முடித்தார். கேட்ட இரண்டு கேள்விக்கும் அவன் தலையாட்டியே பதில் சொன்னான். சொந்த ஜாமீன் உத்தரவில் கையெழுத்து விழுந்தது. சிவசங்கரிக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

பேனாவை மூடிவிட்டு அவர் ஏட்டு பக்கம் திரும்பினார்.

"யாரக் கேட்டுய்யா வெலங்கு மாட்டுனீங்க?"

இராமதாஸ் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கூடவே பாவாடையின் கையும் மேலே போனது.

"சரி, மொதல்ல அதக் கழட்டுங்க."

இராமதாஸ் அசையவில்லை. கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கடைசியில் பரிதாபமாகப் பாவாடையைப் பார்த்தார்.

பாவாடை தன் வக்கீலைப் பார்த்தான், பேசலாமா என்கிற மாதிரி. ஜெயித்த பெருமிதத்தோடு தலையசைத்தாள் சிவசங்கரி.

அவன் தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். ஏட்டின் கையை முதலில் விடுவித்தான். பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சிக்குங்கய்யா. ஏட்டய்யா இன்னிக்கும் வயித்துவலின்னு பாதி வழியில எறங்கிடப் பாத்தாரு, அதான் நான் மாட்டிட்டேன்."