வலன்ரைன் மாஸ்டர் சாப்பிட்ட ஆறு ரோல்ஸ்

கொலைகாரன் என்று பெயர் வாங்கிய பிறகும், றெக்ஸ் ஞாயிறு பூசைக்கு வழக்கம்போல முன்வரிசையில்தான் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் ஒன்றியத்தின் அவசரக் கூட்டம் தொடங்கியது.

விஷயம் இதுதான். தமிழர் நேச ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவான வலன்ரைன் மாஸ்டர், பதவியேற்க எட்டு நாள் இருக்கும்போது இறந்துபோனார். வயது எழுபத்தொன்பது. அன்று மாலை வெற்றி விருந்தில் ஆறு ரோல்ஸ் சாப்பிட்டிருந்தார். ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தவர், உபதலைவராகத் தெரிவான றெக்ஸ்.

மாரடைப்பு என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லோரும் அழுதார்கள், அடக்கம் செய்தார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மொட்டைக் கடிதம் வந்தது. நகரின் மேற்குக் கோடி கர்க்லாண்ட் முதல் ஆற்றுக்கு அப்பாலுள்ள லொங்குய்ய் வரை நாற்பத்திரண்டு அங்கத்தவர் வீடுகளுக்கும் ஒரே நாளில். றெக்ஸ் வீட்டுக்கும்கூட.

'மாஸ்டரின் ரோல்ஸில் நஞ்சு வைத்தவன் றெக்ஸ். பதவி ஆசை பிடித்த கொலைகாரன்.'

எழுத்துகள் கோழி கிளறியதுபோலக் கிடந்தன.

செயலாளர் செலீன் யாப்பு விதிகளை உரக்க வாசித்தாள். "பதினாலாம் பிரிவு. தெரிவான தலைவர் பதவியேற்க முன் இறந்தால் உபதலைவர் தலைவராவார். உபதலைவர் மீது குற்றச்சாட்டு இருந்தால், தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் தலைவராவார்."

எல்லாத் தலைகளும் இரண்டாவதாக வந்த ஆனந்தராசாவின் பக்கம் திரும்பின. அவர் புதுக் கோட்டு போட்டு வந்திருந்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்? நான் எழுதேல்லை."

"அப்ப கோட்டு என்னத்துக்கு?"

"மருமகன் வாங்கித் தந்தது. குளிருக்குப் போட்டனான்."

யாரும் நம்பவில்லை.

"அந்த ரோல்ஸிலை நானும் மூண்டு சாப்பிட்டனான்," என்றார் பின்வரிசையிலிருந்து சிவநேசம். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"இன்னும் நேரம் இருக்கு, அண்ணை," என்றது ஒரு குரல்.

செலீன் கடிதத்தை மடித்தாள். "றெக்ஸ் அண்ணை, பொலிசிட்டைக் குடுப்பமே? எழுதின ஆளைப் பிடிச்சிடுவினம்."

"வேண்டாம் பிள்ளை," என்றார் றெக்ஸ் அவசரமாக. "ஆரோ மனக்கவலையிலை எழுதினது. விடுவம். விதிப்படி ஆனந்தராசா அண்ணையே வரட்டும்."

மண்டபம் உருகிப்போனது. யாருக்கும் 'ஏலாது' என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். உபதலைவர் ஆனதும் அப்படித்தான். அருகில் மனைவி மாக்கிரட் அவருடைய இடது மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசல் பனியை வழித்ததில் பிடித்துக்கொண்டதாம். தைலப் போத்தலை மூடிவிட்டு எழுந்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"என்ர மனுசன் வீட்டுக்குள்ளை இலையான் வந்தாலும் அடிக்கமாட்டார். யன்னலைத் திறந்துவிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பார். இவரோ கொலை செய்தவர்? இண்டைக்கு விலகினா ஒப்புக்கொண்ட மாதிரித்தான். பேந்து எங்கட பிள்ளையள் எப்பிடி இந்தச் சனத்துக்கை தலைநிமிர்ந்து திரியிறது?"

"மாக்கிரட், நீர் இரும்..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. எப்பவும் விட்டுக்குடுத்தே பழகிட்டியள்." சபையின் பக்கம் திரும்பினாள். "இருபத்தஞ்சு வருசமாய் என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போனதில்லை. எல்லாம் உங்கட விளையாட்டுப் போட்டி, உங்கட ஒளிவிழா. இந்த ஆடி மாசம் என்ன நடந்தாலும் ஹலிஃபாக்ஸ் போறது எண்டு சத்தியம் பண்ணி, றெயினுக்கு ரிக்கற்றும் எடுத்திட்டார். தலைவரானா எங்கை போறது? அதை நான் நாளைக்கே திருப்பிக் குடுக்கிறன். எனக்குப் பயணம் வேண்டாம். இவற்ற பேர் வேணும்."

சிவநேசம் கண்ணைத் துடைத்தார். ஆனந்தராசா எழுந்து வந்து, தன் புதுக் கோட்டைக் கழற்றி றெக்ஸின் தோளில் போட்டார்.

பெயரில்லாத குற்றச்சாட்டு குற்றச்சாட்டே அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்ததற்குப் பரிகாரமாக, அவருடைய பதவிக்காலம் இரண்டு வருடத்திலிருந்து நான்காக நீட்டப்பட்டது. றெக்ஸ் வாயைத் திறந்தார். 'ஏலாது' வரவில்லை.

வலக்கையை உயர்த்தி, இடக்கையை யாப்புப் புத்தகத்தின்மேல் வைத்துச் சத்தியப்பிரமாணம் எடுத்தார். மாக்கிரட் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். றெக்ஸுக்கு இடது மணிக்கட்டு விண்விண் என்று வலித்தது.

எழுதிப் பழக்கமில்லாத கையால், 'கொலைகாரன் றெக்ஸ்' என்று நாற்பத்திரண்டு கடிதம் எழுதினால் வலிக்காதா?