இருமும் கணவன்

தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் வீடு தருவதில்லை என்பதால், எழிலரசி ஒரு கணவன் கருவி வாங்கி வைத்திருந்தாள். யாராவது பெல் அடித்தால் அது உள்ளிருந்து இருமும், ஆண் குரலில் "யாரது?" என்று அதட்டும். இந்த வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே அலுத்துப்போய் அதை அணைத்துவிட்டாள்.

மறுநாளே கீழ் வீட்டிலிருந்து ஓனர் கோமளம் ஏறி வந்தாள். "என்னம்மா, சார் சத்தத்தையே காணோம்?"

"சாரே கிடையாதுங்க, அது மிஷின். நான் தனியாத்தான் இருக்கேன், இனியும் அப்படித்தான் இருப்பேன். காலி பண்ணணும்னா சொல்லுங்க."

கோமளம் வாய் திறப்பதற்குள் கீழே அவள் வீட்டு பெல்லை யாரோ அடித்தார்கள். உள்ளிருந்து அதே இருமல். அதே "யாரது?"

எழிலரசி அவளையே பார்த்தாள்.

கோமளம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வருஷக்கணக்கா இருமிக்கிட்டே இருக்காரு. எப்படிம்மா அணைக்கிறது?"