காலி டப்பா

"உங்க பிக்கப் வண்டியோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செத்துப்போச்சு, மேடம். புதுசுதான் போடணும்." மெக்கானிக் டிராவிஸ் கருகிய உலோகத் தகடுகள் நிறைந்த தட்டை நீட்டினான். "காலையில நானே பிரிச்சு எடுத்தேன்."

ஒக்லஹோமாவில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் வில்மா, நேற்று டிராக்டரில் கட்டி இழுத்து வந்த தன் பழைய வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் அதுலேருந்து எடுத்ததா?"

"ஒண்ணு விடாம."

"அப்போ உள்ள ஒண்ணுமே இல்ல?"

"வெறும் காலி டப்பா. ஒரு அடி நகராது."

"நகர்ந்தா?"

"இந்தக் கடையையே உங்களுக்கு எழுதித் தர்றேன்!"

தங்கள் வண்டிகளை ரிப்பேருக்கு விட்டுவிட்டு பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.

வில்மா விருட்டென்று வண்டிக்கு அடியில் புகுந்தாள். ஐந்து நிமிடத்தில் முழங்கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். வண்டி ஜம்மென்று கிளம்பி வாசலைத் தாண்டியது.

"கியர் கேபிள் கழண்டு தொங்குச்சு. வேலிக் கம்பியால இழுத்துக் கட்டிட்டேன்!" ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். "உன் கடை எனக்கு வேணாம், தம்பி. அந்தத் தட்டை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ. பெஞ்சுல இன்னும் மூணு பேரு பாக்கி இருக்காங்க!"