கோடு போட்ட கேமரா

"சேரும்போது நெட்டுக்கு அளவே கிடையாதுன்னீங்க. அப்புறம் அளவு உண்டுன்னீங்க. போன மாசம் அதையும் பாதியா வெட்டிட்டீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

இன்டர்நெட் கம்பெனி கவுன்ட்டரில் கையை ஊன்றி நின்றாள் தையல்காரி. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பி வந்திருந்தாள்.

"மெசேஜ் அனுப்பியிருந்தோம்மா..." என்றாள் கவுன்ட்டர் பெண்.

"பொடி எழுத்துல! நான் அஞ்சாவதோட நின்னவ. தைக்கக் கொடுத்த துணியில அரை மீட்டரை அமுக்கிட்டு, பொடி எழுத்துல ஒரு சீட்டு வச்சா என்னைச் சும்மா விடுவாங்களா?"

"நல்லா கேளுங்கக்கா!" பின்னால் வரிசையில் நின்ற லாரி டிரைவர் குரல் கொடுத்தார். "என் வீட்லயும் இதே கூத்துதான்."

தையல்காரிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"எனக்கு சினிமா வேண்டாம், சீரியல் வேண்டாம். வெளியூர்ல வேலை பார்க்கிற என் பொண்ணு முகத்தை தினம் பத்து நிமிஷம் பார்க்கணும். ரெண்டு வாரமா, பேசிக்கிட்டிருக்கும்போதே படம் போயிடுது. குரல் மட்டும் வருது. பெத்தவ பார்க்கிற முகத்துல போய் கத்தரி வைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"விதியை மாத்தினது நிஜம்மா. ஒழுங்கா சொல்லாததும் எங்க தப்புதான். ஆனா உங்களுக்கு இந்த மாச அளவுல பாதிக்கு மேல அப்படியே இருக்கு. வேகமும் குறையலை."

"பொய் சொல்லாத. அளவு முடிஞ்சா நீங்க போடுற முத்திரை வருதே! கேமரா பொம்மை, குறுக்கே ஒரு கோடு. என் பொண்ணே சொன்னா, 'அது கம்பெனிக்காரன் போடுறதும்மா'ன்னு."

கவுன்ட்டர் பெண்ணின் விரல்கள் நின்றன.

"அம்மா... அதை நாங்க போடுறதில்ல. அந்தப் பக்கம் பேசுறவங்களே கேமராவை அணைச்சாதான் அந்தக் கோடு வரும்."

"அவ எதுக்கு அணைக்கணும்?"

"எப்பப்போ அப்படி ஆகுது?"

"அதுக்கு ஏது நேரம் காலம்? சமையல், துணிமணின்னு பேசுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். 'அந்த ஊர் உனக்குப் பிடிச்சிருக்காடி, ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கு'ன்னு கேட்டேன்னா, உடனே படம்..."

சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, கழுத்து டேப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். லாரி டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பைக்குள் போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா, நிஜமாவே கம்பெனிக்குப் போயிட்டியா? என்ன... என்ன சொன்னாங்க?"

தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தினாள்.

"நீ சொன்னதுதான்டி சரி. எல்லாம் இவங்க பண்ற வேலை. ஏமாத்துக்காரங்க! நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"விடும்மா. குரலாவது கேட்குதே."

போனை வைத்துவிட்டு, கவுன்ட்டர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள் தையல்காரி.

"கோவிச்சுக்காதம்மா. நாளைக்கு முதல் ரயிலைப் பிடிச்சு நான் அவ முன்னாடி போய் நிக்கிற வரைக்கும், இந்தப் பழி உங்க மேலயே இருக்கட்டும்."