பத்து நிமிட வேலை

செப்டம்பர் 14, வியாழன். தகடு கழுவும் முறையை சிஸ்டருக்கு இத்தனை நாளும் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துப் பார்த்தான். மாலை வகுப்புக்கு வாத்தியார் இன்னும் வரவில்லை.

'மறந்துவிட்டேன்' என்பதை அடித்தான்.

மறக்கவில்லை.

மலைமேல் சுகாதார நிலையத்தில் வெயிலில் ஓடும் சின்ன எந்திரம் அது. கல்லுப்பு கரைத்த தண்ணீரை ஊற்றினால் குளோரின் தரும். குடிநீர்த் தொட்டிக்கு, பிரசவ அறைக்கு, கைகழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான்.

அங்கே சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீர். மாதம் ஒருமுறை உள்தகட்டில் வெள்ளை படிந்து எந்திரம் சோர்ந்துவிடும். அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் கூப்பிடுவாள். இவன் வண்டியில் மலையேறுவான்.

வினிகர் ஊற்றிக் கழுவுவான். பிறகு கடுங்காப்பி. அவள்தான் ஆற்றித் தருவாள்.

நேற்று கூப்பிட்டாள். இன்றுதான் போக முடிந்தது.

அதற்குள் ஒரு பிரசவம் முடிந்திருந்தது. விறகடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்திருக்கிறாள்.

"நீங்க வர்றதுக்குள்ள பிள்ளையே வந்துடுச்சு, மெக்கானிக்."

சிரித்தாள். அவள் மணிக்கட்டில் வெந்நீர் பட்ட இடம் சிவந்து பளபளத்தது.

வினிகர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தான்.

முதலில் பழைய நீரை வடிக்கணும். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசணும். அப்புறம்தான் வினிகர். நுரை அடங்கும்வரை பொறுக்கணும். மறுபடி அலசணும்.

வரிசை தப்பி வினிகர் குளோரினோடு கலந்தால் விஷவாயு கிளம்புமே என்று இரண்டு முறை சொன்னான்.

அவளே செய்தாள். வெள்ளை கரைந்து தகடு கறுப்பாகத் தெரிந்தது. உப்புநீர் ஊற்றி சுவிட்சைப் போட்டாள்.

குமிழிகள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளோரின் வாசனை.

"இவ்ளோதானா? இதுக்காகவா மாசாமாசம் மலையேறி வந்தீங்க?"

அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

"ஆமா, சிஸ்டர்."

உள்ளே குழந்தை அழுதது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

காப்பி குடிக்காமலே இறங்கினான். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மரங்கள்தான் தெரிந்தன.

வாத்தியாரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. அவசரமாகக் கடைசி வரியை எழுதினான்.

நாளை: வினிகர் ஆறு பாட்டில் வாங்கி, காலை மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.