கழுத்தளவு

"தங்கச்சி, உருத்திராட்சம் இருக்கோ?"

சூரிச் நகரத்து அந்த யோகாக் கடையில் தமிழ் கேட்பது அபூர்வம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அறுபதைத் தாண்டியவர். தடித்த குளிர்கோட்டு. நரைத்த மீசை.

"நித்திரை வருகுதில்லை. இதைப் போட்டால் வருமெண்டு என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரன் சொன்னவன்."

முதலாளியம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். கடையில் வேறு யாருமில்லை.

அவரைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்தாள். கம்பியில் கோத்த மாலை. பின்னங்கழுத்தில் கொளுக்கி. அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து கொடுத்தார்.

மாலையைக் கழுத்தைச் சுற்றி எடுத்து, இரு நுனிகளையும் பிடித்தாள்.

"ஆறுதலாப் பூட்டுங்கோ. எனக்கொரு அவசரமுமில்லை."

அந்தக் குரல்.

கண்ணாடியில் பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு.

வவுனியா. வீட்டு முற்றம். ஆமிக்காரர் வேலிக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எஸ்லோன் பிளாஸ்டிக் பைப்பால் அடித்தவன் இவன். அவர்களோடு வந்த தமிழன். முதலில் தம்பியின் முழங்கால். பிறகு வாய். காலைப் பிடித்துக் கதறிய அம்மாவிடம் மரியாதையாகத்தான் சொன்னான்.

"தள்ளுங்கோ அம்மா. எனக்கொரு அவசரமுமில்லை."

தம்பியை இழுத்துப்போய் ஜீப்பில் போட்டார்கள். முற்றத்தில் கிடந்த பற்களை அம்மா பொறுக்கி எடுத்தாள். புதைப்பதற்கு அவ்வளவுதான் கிடைத்தது.

அவள் கொளுக்கியைப் பூட்டவில்லை.

நுனிகளைக் குறுக்கே மாற்றி இழுத்தாள்.

முழங்காலை அவன் முதுகில் ஊன்றி, இன்னும் இழுத்தாள். உருத்திராட்சத்தின் சொரசொரப்பு தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவன் மேசையை உதைத்தான். பித்தளைப் புத்தர்கள் உருண்டு விழுந்தார்கள். அவன் நகங்கள் அவள் மணிக்கட்டைப் பிறாண்டின. முகம் கறுத்தது. நாக்கு தள்ளியது.

அவன் காதருகே குனிந்தாள்.

"தயாபரன். என்ர தம்பி."

அவன் கைகள் நின்றன.

கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தான். பிறகு கைகளைத் தானாகவே இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் பிடி தளர்ந்தது.

இருமினான். எச்சிலும் இரத்தமும் சட்டையில் வடிந்தன. மூச்சு திரும்ப வெகு நேரமாயிற்று. திரும்பியதும் கேட்டான்:

"எந்தத் தயாபரன், தங்கச்சி?"

ஒவ்வொரு முகமாக அவன் தேடிக்கொண்டிருப்பது கண்களில் தெரிந்தது.

வெளியே டிராம் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

அவள் போய்க் கடைக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். கண்ணாடி யன்னலின் திரையை இறக்கினாள்.

கதவு பூட்டுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

அவள் திரும்பி வந்தபோது அவன் எழும்பியிருக்கவில்லை. சட்டைக் கொலரை இரண்டு கைகளாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்னைவிட நன்றாகக் குனிந்திருந்தான்.